பூட்டி வைத்த அரம்

வேலை முடிந்து மெஷின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மரியஅந்தோணி முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். பிறகு, மரம் அறுக்கிற அந்த மெஷினைக் கொட்டகை மேஜையில் கிடத்தி, கையுறை போட்டுக்கொண்டு, அதன் செயினைப் பல் பல்லாக நகர்த்திப் பார்ப்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனுஷர் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்பது அவர் மனைவி அமலியின் குறை. மெஷினை ஓட்டுகிற வீரையன் அதுவரைக்கும் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி கொட்டகை வாசலில் நிற்க வேண்டும். "சரி, போ" என்று ஒரு வார்த்தை வந்தால்தான் அவன் வீட்டுக்குக் கிளம்பலாம்.

கொஞ்ச நாளாக அந்த வார்த்தை சீக்கிரத்தில் வருவதில்லை. அன்றைக்கும் வரவில்லை.

"பல்லு இவ்ளோ தேஞ்சிருக்கு. எத்தன மரம் அறுத்த?"

"அதே ஒரு மரந்தாண்ணே. ஆத்தங்கர மரம்."

"ஒரு மரத்துக்கா இப்படித் தேயும்?"

வீரையன் பதில் சொல்ல வாயெடுத்தான். கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஜாய்ஸ் கால் நீட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பார்வை ஒரு நொடி அவள் பக்கம் போய்த் திரும்பியது. "கெட்டியான மரம்ணே" என்று மட்டும் சொன்னான்.

அந்தப் பார்வையை அந்தோணி கவனித்துவிட்டார். கவனித்ததோடு நிற்காமல், பொய் சொல்கிறவன்தான் இப்படிக் கண்ணை வேறு பக்கம் திருப்புவான் என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டார்.

அந்தோணியை ஏமாற்ற முடியாது என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் அவருக்கு ரொம்பப் பெருமை. வயசில் பாதியை மலேசியாவில் ஒரு மரக்கிடங்கில் கழித்தவர். காட்டிலிருந்து வருகிற பெரிய பெரிய மரங்களை அங்கே மெஷினால் அறுத்துத் தள்ளியவர். ஊர் திரும்பிய மறு வருஷம் கஜா புயல் அடித்தது. தென்னையும் மாவும் வாகையும் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. நீடாமங்கலம் சுற்றுவட்டாரமே அரிவாளையும் கோடாலியையும் வைத்துக்கொண்டு திணறியது. கார் வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், காரை விட்டுவிட்டு இந்த மெஷினை வாங்கினார். தோள்பட்டை வலியால் தன்னால் நாள் முழுக்கத் தூக்க முடியாது என்பதால் கீழத்தெரு வீரையனைக் கூப்பிட்டு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

கற்றுக்கொடுத்ததில் அவரைக் குறை சொல்ல முடியாது. எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் தொப்பியைக் கழற்றிய பிறகுதான் செயின் பக்கம் கையே போக வேண்டும். அப்போதும் கையுறை இருக்க வேண்டும். செயின் ஓடுகிற நீளத் தகட்டை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிக்கொண்டு, உருண்டை அரத்தைப் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் இழுத்து ராவக் கூடாது. ஒரு பல்லுக்கு எத்தனை தள்ளலோ அத்தனைதான் எல்லாப் பல்லுக்கும், இல்லாவிட்டால் மெஷின் மரத்துக்குள் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். செயின் தொங்கவும் கூடாது, கையால் நகர்த்த முடியாதபடி இறுகவும் கூடாது. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற தடுப்புதான் பிரேக். மெஷின் முகத்தை நோக்கித் துள்ளினால் அது மணிக்கட்டில் இடித்து, செயினை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அதற்குள் மரத்தூள் அடைக்காமல் தினமும் காலையில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

"செயின் கூரா இருந்தா மரம் தேங்காத் துருவலா உதிரும். மழுங்கிட்டா மாவாக் கொட்டும். மாவக் கண்டா அப்பவே நிறுத்திட்டு அரம் போடு. அழுத்தாத. அழுத்துனா அது உன்னத்தான் தேடி வரும்" என்று அவர் சொன்னதை வீரையன் அப்படியே பிடித்துக்கொண்டான். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த அதே கிடங்கில் அந்தோணி இன்னொன்றையும் கற்றிருந்தார். வேலை முடிந்து வெளியே வருகிறபோது வாசல் காவலாளி ஒவ்வொரு தமிழ் ஆளின் சாப்பாட்டுத் தூக்கையும் திறந்து பார்ப்பான். மூடிக்கடியில் விரலை விட்டுத் துழாவுவான். அந்தக் காவலாளியை அந்தோணி வாய் ஓயாமல் திட்டியிருக்கிறார். கடைசியில் ஊருக்குப் பெட்டி கட்டியபோது போர்வையோடும் தைலத்தோடும் அந்தக் காவலாளியின் கண்ணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததே அவருக்குத் தெரியாது என்பதுதான் பரிதாபம்.

சந்தேகம் தொடங்கியது ஒரு வாகை மரத்தில். ரோட்டோர மரம் அது. யாரோ டியூஷன் சென்டர் போர்டை அதில் ஆணி வைத்து அடித்திருந்தார்கள். போர்டு எப்போதோ விழுந்துவிட்டது, ஆணியை மரம் விழுங்கிவிட்டது. செயின் ஆணியில் பட்டு, பல்லெல்லாம் மொண்ணையாகிவிட்டது. வீரையன் அன்றைக்கு மாலையே வந்து ஆணி பட்டுவிட்டது என்று சொல்லத்தான் செய்தான். அந்தோணி சிரித்தார். அவர் அறுத்ததெல்லாம் காட்டு மரம். காட்டில் போய் யார் ஆணி அடிக்கப்போகிறார்கள்? ஆணி பட்டு ஒரு செயின் வீணானதை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

"எங்க அந்த ஆணி?" என்று கேட்டார். மரம் லாரியில் ஏறிப் போய்விட்டது, ஆணியும் அதோடு போய்விட்டது.

"இனிமே ஆணி பட்டா அந்த ஆணியக் கொண்டாந்து இந்த மேஜை மேல வையி. அப்பறம் பேசு" என்றார்.

வீரையன் இடத்தில் அவர் தெருப் பையன் ஒருவன் இருந்திருந்தால் ஆணியைக் கேட்டிருப்பாரா என்று யாராவது அவரைக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. பரம்பரையாக வயலில் கூலி வேலை பார்த்த குடும்பத்து ஆள் சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டும், நம் ஆள் சொன்னால் வேண்டாம் என்கிற கணக்கு நம்மில் பலபேருக்கு யோசிக்காமலே வருகிறது. அந்தோணிக்கும் அப்படித்தான் வந்தது.

அதன் பிறகு ஆற்றங்கரை வேலை வந்தது. வெண்ணாற்றங்கரையில் பிடாரி கோயிலுக்குப் பின்னால் இருந்த பெரிய புளியமரம் புயலில் சாய்ந்து, மாசக்கணக்காக அப்படியே கிடந்தது. கோயில்காரர்கள் வந்து மெஷின் கேட்டார்கள். அந்தோணி மரத்தைப் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு நாள் வேலை என்று அவரே மனசில் போட்டுக்கொண்டார். நாலு நாளாகியும் முடியவில்லை. செயின் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. நம் மெஷினை வைத்துக்கொண்டு வேறு எங்கோ திருட்டுத்தனமாக மரம் அறுக்கிறான், அதற்காகத்தான் அரத்தைப் போட்டுப் போட்டுப் பல்லைத் தேய்க்கிறான் என்று முடிவு கட்டினார். எத்தனை மரம் என்று வீரையனை விசாரித்த அன்று மாலையே, கொட்டகை ஆணியில் தொங்கிய உருண்டை அரத்தை எடுத்து, வீட்டுக்குள் பீரோவில், அமலியின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

"இனிமே சனிக்கெழமைக்கு சனிக்கெழமை நானே அரம் போட்டுத் தர்றேன். நடுவுல நீ தொட வேணாம்" என்று வீரையனிடம் சொன்னார். வீரையன் ஏனென்று கேட்கவில்லை. கேட்காததும் ஒரு சாட்சியாகப் போயிற்று.

அமலிக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கு மெஷின் தெரியாது, அரிவாள்மணை தெரியும்.

"மணை மழுங்கிக் கெடந்தா காய அழுத்தி அறுக்குறோம், அப்பதாங்க வழுக்கிக் கையில படுது. அந்த மனுஷன் கையில அவ்ளோ பெரிய மெஷினக் குடுத்துட்டு அரத்தப் புடுங்கி வச்சா என்னங்க அர்த்தம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அந்தோணி. கல்யாணமான நாளிலிருந்து விடை தெரியாத கேள்விக்கெல்லாம் அவர் சொல்கிற பதில் அது.

இரண்டு நாள் கழித்து நீடாமங்கலம் போயிருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே அது செய்தியே இல்லை. மொபெட்டை ஓரம்கட்டிவிட்டு அஹமது கபீரின் இரும்புக்கடையில் போய் உட்கார்ந்தார். கபீர் பேச்சுக் கொடுப்பதில் கெட்டிக்காரர்.

"உங்க ஆளு வந்து ரவுண்டு அரம் ஒண்ணு வாங்கிட்டுப் போனானேண்ணே. நீங்க சொல்லற அளவு இல்ல, இருந்தது கொஞ்சம் பெரிசு. பரவால்லன்னு கைக்காசு குடுத்து வாங்கிட்டுப் போறான். சொந்தமா மெஷின் கிஷின் எடுக்கறானா?"

அந்தோணிக்குச் சுருக்கென்றது. கூலிக்கு வேலை பார்க்கிறவன் கைக்காசைப் போட்டு அரம் வாங்குவானேன்? அந்தக் கேள்விக்கு ஒரு பச்சைப்பிள்ளைகூட, அவன் அரத்தை நீ பூட்டிவிட்டாய் அதனால்தான் என்று பதில் சொல்லியிருக்கும். அந்தோணிக்கு அது தோன்றவில்லை. சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், எதிரில் இருக்கிற காரணத்தை விட்டுவிட்டு எங்கோ இருக்கிற காரணத்தைத் தேடும். அவன் இன்னொரு மெஷின் வாங்கப்போகிறான், என் வாடிக்கையை எல்லாம் கொத்திக்கொண்டு போகப்போகிறான் என்று கேட் திறப்பதற்குள் ஒரு முழுக் கதையைக் கட்டி முடித்துவிட்டார்.

அன்று மாலை வீரையன் வந்தபோது இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். என்ன என்று கேட்டதற்குக் கல் தடுக்கிவிட்டது என்றான். அவன் சட்டை முழுக்க வெள்ளை மாவாக அப்பியிருந்தது. மாவு கொட்டினால் என்ன அர்த்தம் என்று அந்தோணிக்குத் தெரியாதா? மழுங்கின செயினை அழுத்தி ஓட்டியிருக்கிறான் என்று அவர் சொல்லிக்கொடுத்த பாடமே சொல்லியது. ஆனால் அவர் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. நமக்குத் தெரியாமல் அறுத்த மரங்களின் மாவு அது. நொண்டுவது நாடகம். தேய்ந்துபோன பல்லில் அளவு தவறிய அரத்தின் கீறல்களும் தெரிந்தன.  கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தார்.

கீழத்தெருவில் வீரையனின் மனைவி நீலாம்பாள் அவன் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். மழுங்கின செயின் மரத்தில் இறங்காமல் பட்டைமேல் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே கிழித்திருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் எலும்பு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அந்தோணி அதையும் நாடகம் என்பார், வேண்டாம் என்றான் அவன்.

நீலாம்பாளுக்கும் அவள் பங்குக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அவரு மச்சான் மவன் சும்மாத்தானே சுத்திட்டிருக்கான், அவன்கிட்ட மெஷினக் குடுக்கப் பாக்குறாரு. போன்னு சொல்ல மனசு வரல, அரத்தப் பூட்டிட்டா நீங்களே ஓடிடுவீங்கன்னு நெனைக்கிறாரு." வீரையன் மறுக்கவில்லை. அவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு சந்தேகம், அந்தப் பக்கம் ஒரு சந்தேகம். நடுவில் மொண்ணைப் பல்லோடு ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மரத்துல இருக்க ஆணியில ஒண்ண எடுத்துட்டுப் போயி அவரு மேஜையில போடுங்களேன். அப்பவாவது நம்புறாரான்னு பாப்போம்" என்றாள் நீலாம்பாள்.

"அந்த வீட்டுக்கா? ஜாய்ஸ் பாப்பா மாசமா இருக்குடி."

 அந்தப் புளியமரத்தைப் பற்றிக் கீழத்தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பிடாரி கோயில் பூசாரிகள், பேய் பிடித்தது என்று யாரையாவது கூட்டி வந்தால், ஆட்டி ஓட்டிவிட்டு, உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்து அந்த மரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். இப்போதைய பூசாரிகளின் காலத்துக்கும் முன்பிருந்தே அடித்துக்கொண்டிருந்தார்கள். மரம் பருக்கப் பருக்கப் பட்டை ஆணிகளை மூடிக்கொண்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே இரும்பு. அந்த ஆணியைப் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது, அந்தப் பேச்சைக்கூட அவள் காதில் போடக் கூடாது என்பது அங்கே வழக்கம். அந்தோணி வீடு வேதக்கார வீடு, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் இதை நம்ப மாட்டார்கள் என்று வீரையனுக்குத் தெரியும். ஆனால் நம்புகிறவன் அவன். அவன் கையால் அதை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக அவனால் முடியாது. செயினில் மாட்டிய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வறண்டு கிடந்த ஆற்று மணலில் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் தினமும் வீடு திரும்பினான்.

அந்தோணியைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். வாகை மர ஆணியைச் சொல்லிப் பொய்யன் என்று பேர் வாங்கியவனுக்கு, பேய் ஆணியைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அந்தோணி மொபெட்டை ஆற்றங்கரைக்கு விட்டார். தூரத்திலேயே இறங்கி, எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போனார். மெஷின் சத்தம் கேட்கவில்லை. கோயில் மதிலைத் தாண்டியதும் வீரையன் கண்ணில் பட்டான். பூவரசு நிழலில் உட்கார்ந்து, மெஷினை ஒரு கட்டைமேல் சாய்த்து வைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு அரத்தால் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இது யாரு அரம்?"

வீரையன் திடுக்கிட்டு எழுந்தான். "என்னோடதுண்ணே."

"உனக்கெதுக்குத் தனியா அரம்?"

"செயின் மழுங்குது. உங்க அரம் பீரோவுல இருக்கு."

"ஏன் மழுங்குது? அதச் சொல்லு."

வீரையன் சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இங்கே ஜாய்ஸ் இல்லை. சொல்லிவிடலாம் என்று துணிந்து, "இந்த மரம் பூரா ஆணிண்ணே" என்றான்.

அந்தோணிக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மறுபடியும் அதே ஆணியா? மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பட்டை எல்லாவற்றையும் மூடியிருந்தது, ஒரு ஆணியின் தலைகூடத் தெரியவில்லை. பிளக் தொப்பியை மாட்டினார், மெஷினைத் தூக்கினார். இரண்டு இழுப்பில் அது உறுமியது. இரண்டு நாள் வேலையை ஒரு வாரம் இழுத்தடிக்கிறாயே, எப்படி அறுப்பது என்று நான் காட்டுகிறேன் பார் என்று கத்திக்கொண்டே மரத்தை நெருங்கினார்.

"அண்ணே, அந்த எடத்துல வேணாம். இந்தப் பக்கமா வைங்க."

அதுதான் அவர் எதிர்பார்த்த சாட்சி. இங்கே வேண்டாம் என்கிறான் என்றால் இங்கேதான் ஏதோ இருக்கிறது. எதையோ மறைக்கிறான். வீரையன் வேண்டாம் என்று கை காட்டிய அதே இடத்தில், சரியாக அதே இடத்தில், தகட்டின் நுனியைக் கொண்டுபோய் வைத்தார்.

முதலில் மாவு கொட்டியது. அவர் அழுத்தினார். யாருக்கோ சொல்லிக்கொடுத்த பாடத்தை அந்த நிமிஷத்தில் அவரே மறந்துபோனார். உள்ளே எதிலோ கிறீச்சென்று பட்டு ஒரு பொறி பறந்தது. அடுத்த கணம் மெஷின் அவர் பிடியை மீறி, முகத்தை நோக்கி மேலே துள்ளியது. தடுப்பு மணிக்கட்டில் இடித்தது. டக்கென்று செயின் நின்றது. நின்ற செயினோடு தகடு வந்து அவர் தோளில் மோதி, சட்டையையும் சதையையும் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது. செயின் ஓடிக்கொண்டே வந்து பட்டிருந்தால் கழுத்து இருந்திருக்காது.

பிரேக் வேலை செய்ததற்குக் காரணம், அன்று காலையிலும் வீரையன் அதற்குள் இருந்த தூளைப் பிரஷ் போட்டுத் துடைத்திருந்தான் என்பதுதான். அரத்தைப் பூட்டியவர் பிரஷ்ஷைப் பூட்ட மறந்திருந்தார்.

வீரையன் ஓடிவந்து எஞ்சினை அணைத்தான். தலைத்துண்டை மடித்துத் தோளில் வைத்து அழுத்தினான். அவன் குனிந்தபோது கைலி விலகி, காலில் ரத்தம் ஊறிய கட்டு தெரிந்தது. அந்தோணி மண்ணில் உட்கார்ந்தபடி அந்தக் கட்டைப் பார்த்தார். கல் தடுக்கினால் இப்படி ஆகாது. பிறகு மரத்தைப் பார்த்தார். அறுபட்ட இடத்தில், கருத்துப்போன மரத்துக்கு நடுவில், சுண்டுவிரல் தடிமனில் ஒரு பழைய ஆணியின் உடம்பு பளபளவென்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

வலிக்காத கையை நீட்டி அவர் அந்த ஆணியை ஆட்டிப் பார்த்தார். செயின் இடித்துத் தளர்ந்திருந்ததால் அது கழன்று வந்தது. "இத ஏண்டா நீ ஒரு நாளும் கொண்டாந்து காட்டல? காட்டுன்னுதானே சொன்னேன்" என்றார். குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

வீரையன் ஒரு கையால் துண்டை அழுத்திக்கொண்டே மறு கையால் அந்த ஆணியை அவரிடமிருந்து வாங்கினான்.

"பேயோட்டி அடிச்ச ஆணிண்ணே இது. நீங்க நம்புவீங்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பாப்பா வயித்துல புள்ளையோட உக்காந்திருக்கு. இதக் கொண்டாந்து அந்த வீட்டு மேஜையில எப்படி வைக்கச் சொல்றீங்க?"

 அந்தோணிக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனால் மகளை அவன் பார்த்த அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. திருட்டுப்பார்வை என்று அவர் தீர்ப்பு எழுதிய பார்வை. அவர் தலைகுனிந்துகொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்து இரண்டு பேருக்கும் தையல் போட்டார்கள், ஒருவருக்குத் தோளில், ஒருவருக்குக் காலில். அமலியும் நீலாம்பாளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருப்பார்கள் போல, நீலாம்பாள் நேராக அந்தோணி முன்னால் வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"நீங்க எங்கள நிறுத்தத்தான் அரத்தப் பூட்டுனீங்கன்னு நாங்க நெனச்சோம். அது எங்க தப்பு. ஏன் தேயுது வீரையான்னு பக்கத்துல உக்காந்து ஒரு தடவ நீங்க கேட்டிருக்கலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னு விசாரிச்சீங்க. வேல செய்யற ஆளு கையில இருந்து அரத்தப் புடுங்கலாமா? அது அவரு உசுருக்குக் காவல்ங்க."

 அமலி தான் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அந்தோணி ஒற்றைக் கையால் பீரோவைத் திறந்தார். அரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் பழைய இடத்திலேயே மாட்டினார். கபீர் கடையில் சொல்லிவைத்து, சரியான அளவில் இன்னும் இரண்டு அரமும், மாற்றிப் போட ஒரு புதுச் செயினும் வரவழைத்தார். காலுக்கு உறையும் முகத்துக்கு வலைமூடியும் வாங்கினார். மெஷின் வாங்கிய அன்றே வாங்கியிருக்க வேண்டியவை அவை. வீரையன் கால் ஆறும்வரை மெஷின் சும்மா கிடந்தது, அவன் கூலி மட்டும் நிற்கவில்லை. கொட்டகையில் மேஜைக்கு இந்தப் பக்கமே இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

இத்தோடு மனுஷர் மாறிவிட்டார் என்று முடித்துவிடலாம். ஆனால் சந்தேகம் அவ்வளவு சுலபமாக வெளியே போகிற சாமான் இல்லை.

ஜாய்ஸுக்குப் பெண் குழந்தை பிறந்து, வீட்டில் சாம்பிராணி வாசம் நிறைந்திருந்த ஒரு காலை. வீரையன் வேலைக்குத் திரும்புகிற முதல் நாள். கபீரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, உங்க ஆளு நேத்து இங்க வந்து, பழைய ஸ்பீக்கர்ல இருக்குமே பெரிய காந்தம், அதக் கேட்டு வாங்கிட்டுப் போறான். அதெல்லாம் கரண்டு மீட்டர் ஓடாம நிறுத்தத்தான் வாங்குவாங்க. உங்க கொட்டகையிலதானே மீட்டர் இருக்கு? பாத்துக்கங்க."

அந்தோணியின் கண் தானாக மீட்டர் பக்கம் போனது. அவருக்குள் அந்தப் பழைய காவலாளி விழித்துக்கொண்டான். காந்தம் எதற்கு? என்னிடம் ஏன் சொல்லவில்லை? யார் வீட்டு மீட்டருக்கு? தோளில் தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுத்தது. பிறகு கூப்பிடுகிறேன் பாய் என்று போனை வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீரையன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா. இப்படி உக்காரு" என்றார் அந்தோணி. ஸ்டூலில் அவன் உட்காரும்வரை காத்திருந்தார். "காந்தம் வாங்குனியாமே. எதுக்கு?"

வீரையன் மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கறுப்புக் காந்தம், அதில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கொட்டகைக்கு வெளியே இருந்த பழைய முருங்கையை நோக்கி அவரை அழைத்துப் போனான். பட்டைமேல் காந்தத்தை மெள்ளத் தடவிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் அது டக்கென்று ஒட்டிக்கொண்டு நின்றது. துணி காயப்போடும் கொடி கட்டுவதற்காக அமலி என்றைக்கோ அடித்து மறந்துபோன ஆணி.

"மேலாக்க இருக்க ஆணியெல்லாம் காட்டிக் குடுத்துடும்ணே. ஆழத்துல இருக்குறது தெரியாது. ஆனா மரத்த ஒரு சுத்து தடவிட்டு வச்சா பாதி ஆபத்து கொறையும். சரியா வருதான்னு பாத்துட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அந்தோணி காந்தத்தை வாங்கி, தானும் ஒரு தடவை தடவிப் பார்த்தார். டக்கென்று ஒட்டியது. அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. அங்கேயே நின்றபடி, வீரையன் காதில் விழும்படியாகவே கபீருக்குப் போன் போட்டார்.

"பாய், காந்தம் எதுக்குன்னு வீரையன்கிட்டயே கேட்டேன். மரத்துல ஆணி இருக்கான்னு பாக்குறதுக்கு. ஒரே ஒரு கேள்விதான், முடிஞ்சுபோச்சு. கூட வேல செய்யறவன் மேல சந்தேகம் வந்தா அவன்கிட்டயே போயிக் கேட்டுடணும் பாய். நான் கேக்காம அரத்தப் பூட்டுனேன். அதுல அவன் காலு கிழிஞ்சுது, என் தோளு கிழிஞ்சுது. எம் பேத்தி மொகத்தப் பாக்காமலே போயிருப்பேன்."